நீலத்தில் ஒன்று கம்மி

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்ததால், தோல் ஆலைகளின் வாடை பள்ளி வராந்தாவைவிட்டு நகராமல் நின்றது. என் மேசைமேல் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தோல் துண்டுகள். அவற்றில் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய ஒரு நீலத் துண்டு, கட்டைவிரல் நீளம், ஒரு முனையில் பிரஸ் பட்டன், இப்போது சத்துவாச்சாரி வீட்டில் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

அப்போது ஆம்பூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் பாக்கி. கணக்கு ஆசிரியராக இருந்து வந்தவன். சாக்பீஸைக்கூட எண்ணித்தான் கொடுப்பேன். முந்தைய ஆண்டு ஆய்வகத்தில் பதினோரு லென்ஸ்கள் காணாமல் போய், தணிக்கையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து உயிரியல் டீச்சர் வந்து நின்றார். "டி.என்.ஏ. படத்த அழகா வரையுறாங்க சார், மார்க்கும் வாங்கறாங்க. அது எப்படி ரெண்டாகுதுன்னு கேட்டா முழிக்கிறாங்க. கையால செஞ்சாதான் புரியும்." பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள். அவர்கள் மூலம் கழிவுத் தோலும் பட்டன்களும் வந்தன. பன்னிரண்டு மாலைகள் உட்கார்ந்து, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறத்துக்கு நூற்றிருபதாக வெட்டிப் பட்டன் அடித்தார் டீச்சர். சுத்தியல் பட்டு இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. நான் நானூற்றெண்பதையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு நிபந்தனையும் போட்டேன். ஒரு துண்டு குறைந்தாலும் இந்த வகுப்பு 'ஏ' பிரிவோடு சரி. 'பி' பிரிவின் நாற்பத்தொரு பேரும் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

முப்பத்தாறு பிள்ளைகள், ஆறு குழுக்கள். குழுவுக்கு ஒரு தோல் ஏணி, பன்னிரண்டு படிகள். சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே நீலம். டீச்சர் கைதட்டியதும் எழுபத்திரண்டு பட்டன்களும் பட் பட்டென்று பிரிந்தன. ஒவ்வொரு பாதியும் மிச்சத் துண்டுகளிலிருந்து தனக்கான ஜோடிகளைத் தேடி மாட்டிக்கொள்ள, ஓர் ஏணி இரண்டானது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது. வாசலில் நின்று பார்த்த எனக்கே மலைப்பாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு எண்ணினேன். முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். சிவப்பும் பச்சையும் தலா முப்பத்தாறு, மஞ்சளும் நீலமும் தலா அறுபது மீந்திருக்க வேண்டும். ஆனால் நீலம் ஐம்பத்தொன்பது.

"நீலத்துல ஒண்ணு கம்மி டீச்சர். எவனோ எடுத்துட்டான். 'பி' செக்ஷனுக்கு வேணாம், விட்டுடுங்க."

டீச்சர் வாதாடவில்லை. கறுத்த நகத்தைத் தடவியபடி "ஜாஸ்தியா ஏதாவது இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பச்சை. முப்பத்தேழு."

அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. "அப்போ யாரும் எடுக்கல சார். காப்பி ஆகுறப்போ எங்கயோ தப்பாயிருக்கு. வாங்க, தேடலாம்."

நான்காவது குழுவில் அகப்பட்டது. "இன்னாடி இது, செவப்புக்கு நீலத்த மாட்டி வெச்சிருக்க?" என்று ஒருத்தி கத்த, மாட்டியவள், "பட்டன் மாட்டிக்கிச்சு, சரின்னு நெனச்சேன்" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எச்.எம். சாரு எங்கம்மா கம்பெனி செக்கிங் மேடத்தவிட டேஞ்சருடி!" காதில் விழாததுபோல் நின்றேன்.

நான் துண்டை மாற்றக் கை நீட்டினேன். டீச்சர் தடுத்து, அந்த ஏணியை அப்படியே இன்னொரு முறை பிரித்து நகலெடுக்கச் சொன்னார். சிவப்பிருந்த பாதி பச்சையைப் பிடித்துக்கொண்டு சரியாகிவிட்டது. சிவப்பு-பச்சை இருக்க வேண்டிய அதே படியில், நீலமிருந்த பாதி மஞ்சளைப் பிடித்துக்கொண்டது. "இப்போ எண்ணுங்க சார்." எண்ணினேன். முப்பது, முப்பது, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து நான்கு. எல்லாம் ஜோடி ஜோடியாக ஒத்துப்போனது. தப்பு மட்டும் உள்ளேயே இருந்தது.

"இப்படி ஆனப்புறம் எண்ணினாலும் மாட்டாது சார். அதனாலதான் நம்ம உடம்புல, காப்பி ஆகும்போதே கூடவே ஒருத்தர் சரிபார்த்துக்கிட்டே போறாரு. உங்கள மாதிரி. அவரும் சில நேரம் விட்டுடுவாரு." பிள்ளைகள் சிரித்தார்கள். ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பேருக்கு எரிச்சலூட்டிய என் பழக்கத்துக்கு, அவர்தான் ஓர் இடம் கொடுத்தார்.

குறைந்ததை மட்டுமே தேடிப் பழகியவன் நான். கூடுதலாக இருப்பதையும் கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. வியாழக்கிழமை 'பி' பிரிவுக்கும் வகுப்பு நடந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானே எண்ணினேன்.

டீச்சர் பிறகு குடியாத்தம் பக்கம் மாற்றலாகிப் போனார். ஆண்டுக்கு ஒருமுறை, தோல் ஏணிகளின் படம் ஒன்று என் செல்போனுக்கு வரும். 'இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்க சார்.' மாத்திரைகளை எண்ணி முடித்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தேடுவேன். கூட்டுக்குள் நீலத் துண்டு கிடக்கும்.

அன்று வகுப்பு முடிந்து ஏணிகளைப் பிரித்தபோது, தப்பாக மாட்டியிருந்த அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் பார்த்துவிட்டார். ஓய்வுபெறும் நாளில் பொறுப்பை ஒப்படைத்தபோது, பதிவேட்டில் நீலம் நூற்றிருபது, இருப்பு நூற்றுப் பத்தொன்பது. கழிவுத் தோலுக்கு என்ன விலை போடுவது என்று எழுத்தர் தலையைச் சொறிந்தார். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில், எடுத்தது யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே குறைவு அதுதான். ரசீது வாங்கிக்கொண்டு கட்டினேன்: ரூபாய் மூன்று.