மேகத்தை அறுத்த காற்றாடி

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்ததும் ஜெயபாய் டீச்சருக்கு மருத்துவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இனிச் சத்தம் போட்டுப் பேசக் கூடாது. அதைக் கேட்டபோது, தான் பாடும் தேவாலயப் பாடல் குழுகூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஆரல்வாய்மொழிப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புதான் வந்தது. காற்று மாதங்களில் அங்கே ஜன்னல்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் இத்தனை வருடமும் சமூக அறிவியல் நடத்தியிருந்தார்.

விடுப்பு முடிந்து வந்த வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டே ஒப்பேற்றினார். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. அந்த அமைதி அவரைக் கலக்கியது. வீட்டில் உட்கார்ந்து பருவக்காற்றுப் பாடத்தைக் கதையாக்கி, கடலிலிருந்து கிளம்பிய காற்று தன் பயணத்தைச் சொல்வதுபோல மெல்லிய குரலில் கைபேசியில் பதிந்தார். தானெடுத்த புகைப்படங்களையும் கோத்துக்கொண்டார். வகுப்புத் திரையில் அதைப் போட்டபோது கடைசி பெஞ்ச் விபின்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"டீச்சர், நாங்களும் இதுமாதிரி ஒண்ணு செய்யட்டா?" என்றாள் பிரீனா.

"செய்யுங்க. நம்ம ஊரு காத்தைப் பத்தியே செய்யுங்க."

பிரீனாவின் குழு கொண்டுவந்த படத்தில், கையால் வரைந்த மேகம் ஒன்று கணவாய் வழியே வருகிறது. அங்கே மின்சாரம் எடுக்க நட்டிருக்கும் ராட்சதக் காற்றாடிகளின் இறக்கைகள் அதைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. பெய்ய முடியாமல் மேகம் அழுதுகொண்டே போய்விடுகிறது. அந்த இடத்தில் பிரீனாவின் குரல் தழுதழுத்தது. வகுப்பு கைதட்டித் தீர்த்தது.

ஜெயபாய்க்குச் சங்கடமாகப் போயிற்று. கதை அருமை, சங்கதி தப்பு. கதை சொல்லுங்கள் என்றது அவரேதான். முன்பென்றால் ஒரே அதட்டலில் திருத்தியிருப்பார். இப்போது மேசையில் விரலால் தட்டி, வகுப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"மக்கா, காத்தாடி மேகத்தை அறுக்குதுன்னு யாரு சொன்னா?"

"ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ டீச்சர். காத்தாடி வந்த பொறவுதான் மழை கொறஞ்சுதாம்."

"வெளிய வாங்க, பாப்போம்."

மைதானத்தில் நின்று எல்லோரும் அண்ணாந்தார்கள். மேகம் மலை முகட்டில் கிடந்தது. காற்றாடிகள் மலையின் இடுப்புக்கும் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. விபின்தான் முதலில் வாய் திறந்தான்.

"ஏட்டி பிரீனா, மேகம் எங்க கெடக்கு, காத்தாடி எங்க கெடக்கு! எட்டவே எட்டாதே."

பிரீனாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "அப்பம் மலைக்கு மேக்க மார்த்தாண்டத்துல கொட்டுது, இங்க மட்டும் ஏன் பெய்யமாட்டங்கு?"

பதில் டீச்சரின் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டார். "அதையே அடுத்த படமா எடுங்க."

மார்த்தாண்டத்து அத்தை வீட்டுக்குப் போன விபின், திரும்பும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலைப் படம்பிடித்து வந்தான். மார்த்தாண்டத்தில் கண்ணாடி முழுக்கத் தாரை தாரையாக மழை, தக்கலையில் தூறல், தோவாளை தாண்டியதும் புழுதி. பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து பிரீனா அதற்குக் குரல் கொடுத்தாள்: மேற்கே மலையில் மோதி மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் காற்று வெறுங்கையோடு வருகிறது.

"பழைய படத்தை அழிச்சிரட்டா டீச்சர்?"

"எதுக்கு? ரெண்டையும் சேர்த்தே போடு. முதல்ல என்ன நெனச்சோம், பொறவு எப்படித் தெரிஞ்சுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அந்தப் பருவத் தேர்வில் மதிப்பெண் ஒன்றும் பிரமாதமாகக் கூடவில்லை. கேள்விகள்தான் கூடின, பாடங்களை முடிக்க ஜெயபாய் திணறினார். சில நாட்கள், பழைய குரல் இருந்தால் எவ்வளவு சுலபம் என்று ஏங்கவும் செய்தார்.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு படங்களையும் போட்டார்கள். பிரீனாவின் அப்பா ஜேசுதாஸ் எழுந்து, "படம் நல்லாருக்கு டீச்சர். ஆனா காத்தாடி வந்த பொறவுதான் மழை கொறஞ்சுது, அதுல மாத்தமில்ல" என்றார்.

ஜெயபாய் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, நீங்க படத்தை ஒழுங்காப் பாத்தியளா இல்லியா?" என்று பிரீனா பிடித்துக்கொண்டாள். பள்ளி வாசல்வரை இருவரும் தர்க்கித்துக்கொண்டே போனார்கள். ஜெயபாய் திரையை அணைத்துவிட்டு, அடுத்து வரும் மண் வகைகள் பாடத்தை எந்தக் குழுவிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.