நாற்பத்தேழாம் எண் கணினியின் ஓரக்குறிப்பு

பணியில் சேர்ந்த நாள்: 1993 பிப்ரவரி 1. ஓய்வு பெற்ற நாள்: 2024 மே 31. பதவி: பல்கலைக்கழகத் துறையொன்றின் பண்டகக் காப்பாளர். காது மடலில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் பென்சில் அண்ணன். தவறுக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை, அதாவது மெமோ, ஒன்றுகூட வாங்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

துறையின் ஒவ்வொரு கணினியும் அவர் கையால் எண் பெற்றது. அவர் கையெழுத்தோடுதான் வெளியேறியது. புதியது கேட்டால் ஒப்புதல் வர ஒன்றரை ஆண்டு ஆகும். ஆகவே பழுதானவற்றிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி, ஏதேனும் ஒரு பழைய பெட்டிக்குள் பொருத்தி ஓடவைப்பார். எண் பெட்டிக்கு உரியது. எனவே பதிவேட்டில் அது பழையதாகவே நீடிக்கும். இதை மையால் எழுத விதி இடந்தராது. ஓரத்தில் பென்சிலால், "உள்ளே புதுசு, கழிக்க வேண்டாம்" என்று குறித்துவைப்பார். "பெட்டி கிழவன், உள்ள மாப்பிள்ளை" என்று கேலியும் செய்வார்.

அப்பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு முதுகலை மாணவனான எனக்கு வந்தது. என் அட்டவணையில் பன்னிரண்டு பத்திகள். ஓரக்குறிப்புக்குப் பத்தி இல்லை. நகலெடுத்தபோது அக்குறிப்புகள் அழுக்காகத் தெரிந்தன. ரப்பரால் அழித்தேன். அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

பிறகு, வாங்கிப் பத்தாண்டு கடந்தவற்றைக் கழிவுப் பட்டியலாக்கி, மார்ச் 4 அன்று கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். மகளின் பிரசவத்துக்காக மறுநாள் முதல் அவருக்கு விடுப்பு.

"தம்பி, ஓரத்துல எழுதினதையெல்லாம் பாத்தீங்கல்ல?"

"எல்லாம் பாத்தாச்சுண்ணே."

"அப்புறம் என்ன, நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி." நின்றபடியே கையெழுத்திட்டார்.

மார்ச் 12 அன்று வண்டி வந்தது. ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தேழாம் எண் ஓடிக்கொண்டிருந்தது. தூக்க வந்தவர், "இதுவுமா?" என்று தயங்கினார். பட்டியலைக் காட்டினேன். அணைத்து எடுத்துப்போய், விதிப்படி முற்றத்திலேயே அதன் வன்வட்டில் (ஹார்ட் டிஸ்க்) துளையிட்டார்கள். வெளியூர் போயிருந்த ஆய்வு மாணவி அக்காவின் இரண்டாண்டு அளவீடுகள் அதில்தான் இருந்தன.

மார்ச் 18, துறைத்தலைவர் அறை. நானும் நின்றிருந்தேன்.

"ஓடுற மெஷினைக் கழிச்சிருக்கீங்க. கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான் சார். ஆனா கழிக்க வேண்டாம்னு ஓரத்துல எழுதிவெச்சிருந்தேன்."

பென்சில் அண்ணன் பதிவேட்டைத் திறந்தார். நாற்பத்தேழின் ஓரம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தார். மடிப்பில் ரப்பர் துகள்கள் கிடந்தன. என்னை ஒருமுறை பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். துகள்களை மெல்ல ஊதிவிட்டார்.

"எழுதினதா நெனச்சுட்டேன் போல சார். வயசாகுதில்ல."

"ரெண்டு மாசத்துல ஓய்வு. இப்பப் போய் உங்களுக்குக் குறிப்பாணை குடுக்க வெச்சுட்டீங்களே" என்றார் துறைத்தலைவர்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மேற்படிப்புக்குத் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பென்சில் அண்ணன் கேட்டார்: "சாப்பிட்டீங்களா தம்பி? முகம் வாடிக் கெடக்கு."

பணிக்காலம்: முப்பத்தோரு ஆண்டு, நான்கு மாதம். பெற்ற குறிப்பாணை: ஒன்று.