அந்தத் திகதியில் நின்ற வீடு

ஞானசுந்தரத்துக்குக் கடிதம் என்றாலே பயம். ஊர்க் கடிதம் வந்தால் யார் செத்தது என்று பயம். ஜெர்மன் கடிதம் வந்தால் பிடித்துத் திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்று பயம். எண்பத்துநாலில் கிழக்குப் பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் ஹம்பேர்க்கில் ஒதுங்கியவன் அவன். அகதி அந்தஸ்தும் நீலப் பயணப் புத்தகமும் கையில் கிடைத்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. துறைமுகப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். ஒருநாள் வேலைக்குப் பிந்தியதில்லை, ஒருவரோடும் வாய் காட்டியதில்லை. இப்படிப்பட்ட அப்பாவியைத்தான் வரிக்கந்தோர் தேடி வந்தது. வேறு ஆளா கிடைக்கவில்லை!

எண்பத்தேழு மாசியில் தகப்பன் கதிர்காமநாதன் கொக்குவிலில் கண்ணை மூடினார். தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். தந்தி வந்து சேரும்போது ஊரில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நுரைத் தண்ணீருக்குள் கையை விட்டபடி அழுதான். அடுத்து வந்தது, ஊரில் தகப்பனின் சட்டக் காரியங்களைப் பார்த்த அப்புக்காத்தரின் கடிதம். தகப்பன் மரணசாதனம் எழுதி வைத்திருக்கிறார். வீடும் வளவும் மகன் பெயருக்கு.

இதைக் கேட்டு மகன் வீட்டை விழுங்கிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கை குணேஸ்வரிக்குப் பேசிய கலியாணமெல்லாம் குழம்பிக் குழம்பி வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. அது சரிவரும் நாளில் அண்ணன் சீதனமாக எழுதிக் கொடுப்பான் என்றுதான் தகப்பன் அப்படிச் செய்தார். வீடு அவளுடையது, பெயர் மட்டும் இவனுடையது. யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும் விஷயம்.

சித்திரையில் ஒரு சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. ஆவணிக்குள் வீட்டு உறுதி பெண்ணின் பெயருக்கு எழுதி முடியவேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பன் சொல்லிவிட்டார். குணேஸ்வரி கடிதத்தில் இதை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் ஞானசுந்தரத்துக்கு நித்திரை போனது. இதுவும் குழம்பினால் அவளுக்கு இனி யார் வருவான்?

அறையில் கூட இருந்த சோதிலிங்கம், எல்லாம் தெரிந்த ஆள், எரிகிற வயிற்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினான். கையெழுத்து வைக்கத் தலைநகரான பொன் நகரிலிருக்கும் இலங்கைத் தூதரகத்துக்குப் போனால், தப்பியோடி வந்த அரசாங்கத்திடமே போய் நிற்கிறாய் என்று அகதி அந்தஸ்தைப் பறித்துவிடுவார்களாம். ஊரில் வீடு இருப்பது தெரிந்தால், போய் அதிலேயே இரு என்று விமானம் ஏற்றிவிடுவார்களாம். அதோடு, ஜெர்மன்காரன் சும்மா கொடுத்த பொருளுக்கும் வரி எடுப்பானாம். சோதிலிங்கம் வாயைத் திறந்தால் பத்தில் ஒன்பது புளுகு. அன்றைக்கென்று பார்த்து ஒன்று உண்மையாகப் போய்விட்டது.

வழி சொன்னது சிசிலி அக்கா. பாஷையூர்க்காரி, எழுபதுகளிலேயே தாதியாக வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள், ஜெர்மன் பாஷை தண்ணீர் பட்ட பாடு. தூதரகப் பக்கமே போகத் தேவையில்லை, இங்கேயே பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் நன்கொடை உறுதியும், அதை ஊரில் பதிவதற்கு அங்கேயுள்ள மாமனுக்கு அதிகாரம் கொடுக்கும் ஓர் அற்றோணியும் முடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

ஆடி மாதம். நொத்தாரிசு ஒரு வரியும் விடாமல் முழுவதையும் உரத்து வாசித்தார். அதுதான் இங்கத்தைய முறை. சிசிலி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டின் பெறுமதி என்ன என்று கேட்ட இடத்தில் ஞானசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அஞ்சு லட்சம் ரூபா எண்டு போடச் சொல்லுங்கோ, அக்கா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீடும் வளவும் இரண்டு லட்சத்துக்கு மேல் போகாது என்று போன கிழமைதான் அவனே சொல்லியிருந்தான். பெறுமதி ஏற ஏறச் செலவும் ஏறும் என்று நொத்தாரிசும் சொல்லிப் பார்த்தார். இவன் அசையவில்லை. சீதன உறுதியில் தொகையைக் கூட்டிப் போடுவது நம் சனத்தின் வழக்கம். மாப்பிள்ளையின் தகப்பன் அதை நாலு பேருக்கு முன்னால் வாசிப்பார்; அந்த இடத்தில் ஒரு நல்ல தொகை நிற்கவேண்டும். கொள்ளிதான் வைக்கவில்லை, அப்பாவின் பேரையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தான். பெருமை யாரைத்தான் விட்டது! ஐந்து லட்சம் என்றே எழுதி, முத்திரை குத்தி, உறுதி ஊருக்குப் போனது. ஆவணியில் பதிவும் முடிந்தது. கார்த்திகையில் கலியாணம் என்று முடிவானது.

ஐப்பசி முதல் கிழமை வரிக்கந்தோர்க் கடிதம் வந்தது. நொத்தாரிசு உறுதியின் பிரதி ஒன்றைச் சட்டப்படி அங்கே அனுப்பியிருக்கிறார். சிசிலி வாசித்துச் சொன்னாள். வீடு எந்த நாட்டில் நின்றாலென்ன, கொடுப்பவர் ஜெர்மனியில் குடியிருந்தால் வரி ஜெர்மனிக்கு. தகப்பன் மகனுக்கு விட்டுச்சென்றதற்கு வரி இல்லை. ஆனால் அண்ணன் தங்கைக்குக் கொடுப்பது அன்பளிப்பு. அதில் விலக்கு கொஞ்சம்தான், மிச்சத்துக்கு வரி. ஐந்து லட்சத்தை மார்க்கில் பார்த்தால், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தால் ஒரு கிழமைச் சம்பளத்தோடு முடிந்திருக்கும்.

ஞானசுந்தரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காசை விட, வரி கட்டாதவன் என்று அகதிக் கந்தோருக்கு எழுதிவிடுவார்களோ என்ற பயந்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பயமும் ஒரு கிழமைதான் நிலைத்தது. அதற்குள் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டையோடு இறங்கியது. கொக்குவிலில் ஷெல் விழுந்தது என்று வானொலியில் சொன்னார்கள். தொலைபேசி இல்லை, தபால் இல்லை. குணேஸ்வரி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க ஒரு வழியும் இல்லை. வேலையில் கோப்பை கைநழுவி உடைய ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் ஒன்றும் உடைக்காதவன், ஒரே கிழமையில் ஏழு கோப்பை.

அந்த நிலையில்தான் கார்த்திகை நடுவில் வரிக்கந்தோருக்குப் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மனுசிதான். சகோதரியிடமிருந்து என்ன பெற்றுக்கொண்டு வீட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். அப்படியானால் அன்பளிப்புத்தானே என்றாள். இல்லை, அது அவளுடையது என்றான். அவளுடையதை நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும் என்றாள். சீதனத்தை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்திச் சிசிலிக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் அந்தப் பெண் பேனாவைத் திறந்து, வீட்டைப் பெற்றவரின் இப்போதைய முகவரி என்ன என்று கேட்டாள்.

ஞானசுந்தரம் வாயைத் திறந்தான். கொக்குவில் என்று சொல்ல வந்தது. அங்கே அவள் இருக்கிறாளா? எங்கேயாவது இருக்கிறாளா? கந்தோர் என்றும் பார்க்காமல் விம்மி அழுதான். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு, மார்கழியில் வாருங்கள் என்று வேறொரு நாள் குறித்துக் கொடுத்தாள்.

மார்கழி பிறந்து குணேஸ்வரியின் கடிதம் வந்தது. உறையில் அவளுடைய எழுத்தைக் கண்டதுமே படியிலேயே இருந்துவிட்டான். உயிரோடு இருக்கிறாள். சண்டை தொடங்கிய அன்றே நல்லூர்க் கோயிலுக்கு ஓடித் தப்பியிருக்கிறாள். வீடு இல்லை. இரண்டு ஷெல், பிறகு நெருப்பு. முன்சுவர் மட்டும் நிற்கிறது. கார்த்திகைக் கலியாணமும் தள்ளிப்போயிருக்கிறது. கடைசியில் எழுதியிருந்தாள்: "மாப்பிள்ளையின்ர தகப்பன், உறுதியில அஞ்சு லட்சம் கிடக்கு, நிலத்தில ஒண்டும் இல்லையே எண்டு கதைக்கிறாராம். உண்மையா அவ்வளவு பெறுமதியோ எண்டும் இப்ப சந்தேகமாம். நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணை." யோசிக்காதே என்று எழுதினால் யோசிக்காமல் இருக்கும் அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான்?

கடிதத்தோடு மறுபடியும் கந்தோருக்குப் போனார்கள். வீடு எரிந்துவிட்டது, இனி ஏது வரி என்று சிசிலி கேட்டாள். அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனால் சட்டம் பார்ப்பது கொடுத்த திகதியை. அந்தத் திகதியில் வீடு நின்றதா? நின்றது. பிறகு நடந்தது கணக்கில் வராது. ஒரே ஒரு வழி இருக்கிறது என்று அவளே சொன்னாள். அன்றைக்கே வீடு ஐந்து லட்சம் பெறவில்லை, இரண்டு லட்சந்தான் என்று எழுதிக் கொடுத்து, ஊரிலிருந்து ஓர் அத்தாட்சியும் எடுத்துத் தந்தால் வரியைக் குறைக்கலாம்.

சிசிலிக்கு முகம் மலர்ந்தது. "எழுதிக் குடு தம்பி. உள்ளதைத்தானே எழுதப்போறாய்."

ஞானசுந்தரத்தின் கணக்கு வேறு. ஊரில் அத்தாட்சி எடுக்கப் போனால் இரண்டு லட்சம் என்ற கதை மாப்பிள்ளையின் தகப்பன் காதுக்கு ஒரே நாளில் போய்விடும். அவர் அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறார்.

"ஏலாது அக்கா. அஞ்சு லட்சத்துக்கே வரியைப் போடச் சொல்லுங்கோ. மாதம் மாதம் கட்டுறன். போட்டு, முத்திரை குத்தி, கடுதாசியை என்ர கையில தரச் சொல்லுங்கோ."

"இல்லாத வீட்டுக்கோ?"

"ஓம். உறுதியை நம்பாத மனுசன் ஜெர்மன் அரசாங்கத்தின்ர முத்திரையை நம்பும். குணேஸ் வெறும் நிலத்தோட வந்தவள் எண்டு அவளை ஒருத்தரும் சொல்லக்கூடாது. நான் வரி கட்டினால்தான் அக்கா, அங்க ஒரு வீடு இருந்ததெண்டு ஆகும்."

சிசிலி இதை ஜெர்மனில் சொன்னாளோ, சொல்லாமல் விட்டாளோ தெரியாது. அந்தப் பெண் கடுதாசியை எடுத்து, அழுத்தி முத்திரை குத்தினாள். அதன் பிரதி, சிசிலியின் தமிழ் மொழிபெயர்ப்போடு, அன்றே ஊருக்குத் தபாலில் போனது. மாசியில், அதே மாப்பிள்ளையோடு, நல்லூரில் ஒரு சின்னக் கோயிலில் கலியாணம் நடந்தது. ஞானசுந்தரம் எண்பத்தொன்பது வைகாசி வரைக்கும், ஒரு மாதமும் பிந்தாமல், அந்த வீட்டுக்கு வரி கட்டினான்.