எத்திராஜ் கம்ப்யூட்டருக்கு நான் எடுத்துக் கொடுத்த ரேடியேட்டர்

காலையில் வீட்டு வாசலில் ஒரு பழைய லாரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. "பெரியவரே, கொஞ்சம் மஞ்சத்தூள் இருக்குதா? ரேடியேட்டர் ஒழுகுது" என்றான் டிரைவர். ஓட்டையை அடைக்க ஏற்கெனவே போட்டது பத்தவில்லையாம். அவன் சொல்லும் முன்பே எனக்கு வாசனை வந்துவிட்டது, சுடுதண்ணீரில் மஞ்சள் வேகும் வாசனை.

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ரேடியேட்டர் என்றால் என் பட்டறைதான். ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் உள்ளே எத்தனை குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என்ஜினீயர்களே கைகட்டி நின்று கேட்பார்கள். சரி, ஒரே ஓர் என்ஜினீயர். ஒரே ஒரு தடவை.

அப்போதுதான் எத்திராஜ் வந்தான். என் சிநேகிதன், பட்டுச் சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். தறிவீட்டில் பறக்கும் பட்டுத் தூசு விசிறியை அடைத்து, கோடையில் கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிடும். வெளிநாட்டில் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்கிறார்கள் என்று நெட்டில் பார்த்திருந்தான்.

"நீ செய்யறது இதுக்கு ஒத்து வருமா பா?"

"லாரி இன்ஜினையே அடக்கிக்கினு இருக்கேன். உன் பொட்டிக்கு என்னா கொம்பா மொளச்சிருக்குது?"

மூன்று ரேடியேட்டரை எடுத்துப் போட்டேன். அலுமினியம் லேசு, ஆனால் பிராசசர் மேல் வைக்க வேண்டிய செம்போடு சேர்ந்தால் அரித்துவிடும். லாரியுடையது அவன் மேஜையைவிடப் பெரிது. கடைசியில், உடைத்த காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய கையகலப் பித்தளை. ஊதினேன். தொட்டியில் அமுக்கினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. பிராசசர் மேல் உட்கார, மயிரிழைப் பள்ளங்களோடு ஒரு செம்புக் கட்டியும் கடைந்து கொடுத்தேன். சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் ஜில்லென்று ஓடியது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எத்திராஜ் அதில் தன் மகள் கல்யாணச் சேலைக்குக் கரை வரைந்துகொண்டிருந்தான். ஆறு மாத வேலை. முடிய இரண்டு நாள் இருக்கையில் ரேடியேட்டர் மூலையில் ஒரு சொட்டு.

"கழட்டி ஈயத்தால பத்த வெச்சிடு பா."

"எதுக்குபா ஒரு நாளு வீணா? ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போதும். பம்பாய் லாரியே இதுல போயிட்டு வருது."

சொட்டு நின்றது. லாரிக் குழாயில் தீக்குச்சி நுழையும், செம்புக் கட்டியில் மயிர்தான் நுழையும். அதைக் கடைந்த எனக்கே இது தோன்றவில்லை. மறுநாள் மதியம் மஞ்சள் அங்கே போய் அடைத்து, தண்ணீர் கொதித்து, ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டது. நான் போனபோது உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்தது, டிஸ்க் உட்பட. வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை.

எத்திராஜ் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "விடு பா" என்றான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கல்யாணத்தில் பெண் கட்டியிருந்தது கடையில் எடுத்த சேலை. நான் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் தெருவில் பார்த்தால் "சாப்டியா பா" என்பான். அவ்வளவுதான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ரேடியேட்டரில் பாதி பிளாஸ்டிக். ஒழுகினால் தூக்கிப் போட்டு வேறு மாட்டுகிறார்கள். ஊதிப் பார்க்க யாரும் கூப்பிடுவதில்லை. எத்திராஜ் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டான். எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டிரைவரிடம் மஞ்சள்தூள் இல்லை என்றேன். வீட்டில் இருந்தது.