டிரங்க் கால் ஆபீஸில் ஒரு மேல்படிப்பு

டெலிபோன் இலாகாவில் வேலை பார்ப்பவனுக்கு மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். போதாக்குறைக்கு எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சில் என்ஜினீயராக இருந்துகொண்டே, கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைப்பது பற்றி மேல்படிப்பு வேறு படிக்கக் கிளம்பினேன். சனி, ஞாயிறு மதுரையில் வகுப்பு. ஃபெயிலானால் இலாகா கொடுத்த அனுமதி ரத்து. மறுபடி கேட்கவும் முடியாது. வேலையோடு படித்துத் தொலைத்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

துண்டு துண்டாக

உப்பு வியாபாரி அண்ணாச்சி ஒருவர் பம்பாய்க்கு டிரங்க் கால், அதாவது வெளியூர்க் கால், புக் பண்ணிவிட்டு, கிடைக்கும்வரை என் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்ன படிப்பு என்று கேட்டார். சொல்லிப் பார்த்தால் எனக்காவது புரியுமே என்று ஆரம்பித்தேன். செய்தியைத் துண்டாக்குவோம், ஒரு துண்டு மதுரை வழியாகப் போகும், இன்னொன்று திருவனந்தபுரம் வழியாக, சேருமிடத்தில் கம்ப்யூட்டர் ஒட்டவைத்துக்கொள்ளும். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

"முழுசா அனுப்புனாலே பாதிதான் போய்ச் சேருது. இனி நறுக்கி வேற அனுப்பப் போறீயளா தம்பி?"

பேராசிரியர் முன்னால்

கம்ப்யூட்டரைப் படத்தில் மட்டுமே பார்த்தவன் நான். வைவா என்ற வாய்மொழித் தேர்வு வந்தது. "ஒரு கம்ப்யூட்டர் பேசி முடித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார் பேராசிரியர். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் ஆபரேட்டர்கள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை லைனுக்குள் புகுந்து கேட்பதுதான் வாயில் வந்தது: "'பேசி முடிச்சாச்சா?'ன்னு கேப்போம் சார்." அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, மார்க் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வந்து, கூடப் படித்த இலாகா நண்பரிடம் நொந்துகொண்டேன்.

"நல்லவேளை, மூணு நிமிஷம் ஆனதும் கட் பண்ணிருவோம்னு சொல்லாம விட்டியே."

அர்ஜென்ட் கால்

ரிசல்ட் அன்று அதே நண்பர் மதுரையிலிருந்து டிரங்க் கால் போட்டார். நல்ல மழை, லைனில் ஒரே இரைச்சல். "ரிசல்ட் பாத்துட்டேன், நீ..." என்றார், லைன் செத்துவிட்டது. கால்களை இணைக்கும் போர்டுக்கு ஓடினேன். ஆபரேட்டர் புஷ்பம் அக்கா, மணப்பாட்டுக்காரர், என் வயரைப் பிடுங்கிவிட்டு ஹார்பருக்கு மெட்ராஸ் கால் கொடுத்துக்கொண்டிருந்தார். மழையில் தப்பிப் பிழைத்தது வெளியூர் போகும் அந்த ஒரு லைன்தான். கப்பல் காரியம் முதலில், ஸ்டாஃப் பேச்சு கடைசியில் என்பது எங்கள் வழக்கம். அக்காவின் பின்னால் போய் நின்றேன். அக்கா தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"உங்க ரிசல்ட்ட போர்டுல நாங்க எல்லாரும் கேட்டுட்டோம் சார். இந்தக் கப்பல்காரங்க பேசி முடிக்கட்டும், சொல்லுதேன். செத்த உக்காருங்க."

பாஸ்தான்; ஆனால் கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கப் பட்டம் வாங்கியவன், அந்தச் சேதியை அந்த ஆபீஸிலேயே கடைசி ஆளாகத்தான் கேட்டான்.