தப்பு விடைக்கு விழுந்த யானை

1. பெட்டியில் போட வேண்டிய வரி

"மேடம், சிடி பெட்டி பிரிண்டுக்குப் போகணும். 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"கூடாது சார்."

ராமநாதன் சார் என் அறிக்கையை மேசை டிராயரில் போட்டு மூடினார். இருபது பக்கம் எழுதியிருந்தேன். முதல் பக்கத்தைத் தாண்டி அவர் படிக்கவில்லை.

2000-களின் நடுவில் நடந்தது இது. ஆசிரியர் பயிற்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு, பாட சிடி தயாரிக்கும் சிறு கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருந்தேன். கற்றல் பற்றி ஆராய்ச்சி சொல்வதை அவர்களுக்குப் புரியும்படி சொல்வதும், அவர்கள் செய்த பாடம் பிள்ளைகளுக்கு ஏறுகிறதா என்று சோதிப்பதும் வேலை.

ராமநாதன் சார் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் பல வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு, மாடி வீடு ஒன்றில் ஐந்து பேரோடு கம்பெனி தொடங்கியிருந்தார். முதல் சிடி, மூன்றாம் வகுப்புக் கழித்தல். சரியான விடைக்குக் கைதட்டல் வரும். தப்பான விடைக்கு ஒரு யானை வழுக்கிச் சேற்றில் விழும்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமப் பள்ளியில் சோதித்தேன். சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேருக்கு சிடி. மீதிப் பேருக்கு வகுப்பு ஆசிரியை கலாவதி டீச்சர், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு வைத்து நடத்தினார். மூன்று வாரம் கழித்து இரண்டு தரப்புக்கும் ஒரே டெஸ்ட். சிடி பார்த்த பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டரே அவங்களுக்குப் புதுசு மேடம். அதான் காரணம்," என்றார் சார். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுவாரம் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளித் தாளாளரிடம் டெமோ. தன் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு நாள் வகுப்புல வந்து உக்காருங்க சார். அப்புறம் உங்க இஷ்டம்," என்றேன்.

2. கடைசி பெஞ்ச்

பஸ்ஸில் போனோம். கடைசி பெஞ்சில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். முனிரத்னா என்ற சிறுமிக்கு வந்த கணக்கு, 42-இல் 17 போக எவ்வளவு. விரல் மடக்கி எண்ணினாள். "இருபத்தஞ்சு" என்று முணுமுணுத்தாள். 35 என்று அடித்தாள். யானை விழுந்தது. பெஞ்சே சிரித்தது.

சார் எழுந்து அவளிடம் போனார். "ஏம்மா, சரியாத்தானே சொன்ன? ஏன் மாத்தி அடிச்ச?"

"சரியா போட்டா கைதட்டல்தான் சார் வரும். தப்பா போட்டாத்தான் யானை விழும்."

பக்கத்திலிருந்த பையன் சேர்ந்துகொண்டான். "காட்டு யானை எங்க கொல்லை ராகிய பூரா தின்னுட்டுப் போச்சு சார். நல்லா விழட்டும்."

கலாவதி டீச்சர் என்னைப் பார்த்தார். "மொத நாள்ல இருந்தே இப்படித்தாங்க மேடம். டெஸ்ட்ல கூட ரெண்டு மூணு பேரு வேணும்னே தப்பா எழுதிட்டு, யானை எங்கன்னு கேட்டாங்க. நீங்க பேப்பரை வாங்கிட்டுப் போயிட்டீங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

உண்மைதான். மார்க்கை எண்ணினேன். சராசரி கண்டேன். தினமும் அந்த வகுப்பில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சார் சொன்னார். "ஃபேக்டரியில அளவு தப்புன பீஸ் ஒண்ணக்கூட நான் பாஸ் பண்ணினது இல்ல மேடம். இது நானே செஞ்ச பீஸு. அதான் கண்ணுல படல."

3. டெமோ

தாளாளர் நேராகக் கேட்டார். "இது நிரூபிச்சதுதானே?"

"இல்லீங்க. சோதிச்சுப் பாத்தோம். இப்போதைக்கு இது பிள்ளைங்களைத் தப்பாப் போடத்தான் பழக்குது. திருத்தணும்," என்றார் ராமநாதன் சார்.

"உண்மையச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா எனக்கு ஜூன்ல வேணும்."

அவர் வேறு கம்பெனியிடம் வாங்கிக்கொண்டார். எங்கள் யானையை இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த டிசைனர், யானையை எடுக்கப்போகிறோம் என்றதும் அந்த வாரமே வேலையை விட்டார். நான் போன் செய்தபோது எடுக்கவில்லை. அவர் கோபம் நியாயமில்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

யானையை எடுத்தோம். விடை தப்பானால் திரையில் ஒரு குச்சிக்கட்டு பத்துக் குச்சிகளாகப் பிரிந்து, அதே கணக்கு மறுபடி வரும்படி மாற்றினோம். கலாவதி டீச்சர் நடத்திய முறைதான் அது. இந்த முறை அந்தக் கிராமத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் பாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியிலும் சோதித்தோம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சிடி பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். பாரூரில் வித்தியாசமே இல்லை. அங்கே மெஷினை ஆன் செய்துவிட்டு ஆசிரியர் ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. இம்முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் பெட்டியில் அச்சானது இது: "இரண்டு பள்ளிகளில் சோதித்தோம். ஆசிரியர் உடனிருந்த இடத்தில் பயன் தெரிந்தது." இதைப் படித்துவிட்டு எவன் வாங்குவான் என்று சேல்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வாங்கிய பள்ளிகள் குறைவுதான். ஆனால் அடுத்த சிடி எப்போது வரும் என்று அவற்றில் சில பள்ளிகள் கேட்டன.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பலன் இல்லை என்பதை எண்கள் சொல்லிவிடும். ஏன் இல்லை என்பது வகுப்பறைக்குள் இருக்கிறது. பாடம் செய்தவரை அங்கே அழைத்துப் போய் உட்கார வையுங்கள். அறிக்கை ஒரு பக்கம் போதும்.

ஒரு வருடம் கழித்து, பின்னம் பற்றிய சிடிக்காக ராமநாதன் சார் கூப்பிட்டார். ப்ரோக்ராம் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"மேடம், நாம செய்யப்போறது தப்புன்னா அது எப்படித் தெரியவரும்? அதை மொதல்ல முடிவு பண்ணிடுவோம்."