‘மறுத்தார்’ எண்டு எழுதாதேங்கோ

எங்கள் வீட்டு ஹோல் சுவரில் ஒரு பழைய மெத்தை சாய்ந்து நிற்கும். அது என் மகளுடையது, படுப்பதற்கானதல்ல. இருபத்தொரு வயது அவளுக்கு. ஓட்டிசமும் வலிப்பும் உண்டு. பேச்சு நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. ஏதாவது தாங்க முடியாமல் போகும்போது அவள் நேரே அந்த மெத்தையிடம் போய் நெற்றியால் முட்டுவாள். முட்டி முட்டிக் களைத்தபின் அப்படியே சரிந்து உட்காருவாள். மெத்தை வருவதற்கு முன் சுவரைத்தான் முட்டினாள். நாங்கள் குடியேறிய டண்டினொங் பக்கத்து வீடுகளின் உட்சுவர் மெல்லிய பலகை; தலை பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. பூசிப் பூசி அலுத்துத்தான் மெத்தையை நிறுத்தினோம்.

அவள் என்னைவிட உயரம், என்னைவிடப் பலம். காலையில் குளிக்கவார்த்து உடுத்துவது என் ஒருத்தியால் முடிகிற காரியமல்ல. என் கணவர் விடியமுன்னமே வேலைக்குப் போய்விடுவார். அரசாங்க உதவித் திட்டத்தில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மகள் தலையால் இடித்து அவளுடைய மூக்கை உடைத்தபின், இரண்டாவது ஆள் இல்லாமல் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே இரண்டு பேர் கேட்டோம். அதற்கு மகளை மதிப்பிட வேண்டும் என்றார்கள். தானாக எழும்புகிறாளா, சப்பாத்துப் போடுகிறாளா, கோப்பையில் தண்ணீர் ஊற்றுகிறாளா என்று ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்த்துப் புள்ளி போடுவார்.

நான் ஒரு கிளினிக்கில் பில்லிங் வேலை செய்பவள். நோயாளிக்கு நடந்ததை ஒரு குறியீடாக மாற்றிக் கணினியில் ஏற்றுவதுதான் என் தொழில். முடிக்காத பரிசோதனைக்கும் குறியீடு உண்டு. நோயாளி மறுத்தார் என்றால் ஒன்று. உடல்நிலையாலோ ஆபத்தாலோ செய்ய இயலவில்லை என்றால் இன்னொன்று. முதலாவதைப் போட்டால் விஷயம் அங்கேயே செத்துவிடும். இரண்டாவதைப் போட்டால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும்.

வரப்போகும் தெரபிஸ்டின் பெயரைப் பார்த்ததும் என் கணவர் மாறிப்போனார்.

“இஞ்சரும், இது தமிழ்ப் பிள்ளையெல்லே.”

“அதுக்கென்ன? வேலைக்குத்தானே வருது.”

“வெள்ளைக்காரி எண்டால் பரவாயில்லை. இவை பாத்திட்டுப் போய் நாலு இடத்திலை கதைப்பினம்.”

சனிக்கிழமை காலை நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது மெத்தையைக் காணோம். கராஜுக்குள் தள்ளிவிட்டிருந்தார். குழிகள் தெரியாமலிருக்க எங்கள் கலியாணப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு அந்த இடத்தில் கொழுவியிருந்தார். சாம்பிராணி வேறு கொளுத்தியிருந்தார். நான் வாய் திறக்கமுன் பெல் அடித்தது.

வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சென்னைக்காரி, இப்போது நகரின் மறுகோடியில் பொயிண்ட் குக்கில் வீடு.

“ஸாரி ஆன்ட்டி, ஃப்ரீவேல செம டிராஃபிக். ஷூவக் கழட்டணுமா?”

“தேவையில்லை தங்கச்சி, அப்பிடியே வாங்கோ. முதல்ல ஒரு ரோல்ஸ் சாப்பிடுங்கோ” என்றார் என் கணவர்.

“ஐயோ அங்கிள், வேலைய முடிச்சிட்டுச் சாப்பிடறேன். இப்பவே சாப்பிட்டா லஞ்சம்னு ஆயிடும்.”

மூவரும் சிரித்தோம். என் கணவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மகளை அறையிலிருந்து கூட்டிவந்தேன். ஹோலின் நடுவில் நின்று சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் மேசையில் தண்ணீர் ஜக்கை வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்தாள்.

“இதுல கொஞ்சம் தண்ணி ஊத்துறியாம்மா?”

மகளின் தொண்டையிலிருந்து முனகல் ஒன்று கிளம்பியது. அது எனக்குத் தெரிந்த முனகல். “பிள்ளை, வாங்கோ அறைக்குப் போவம்” என்று கையைப் பிடித்தேன். ஜக்கைப் புறங்கையால் தட்டிவிட்டாள். அது போய் விழுந்து உடையமுன்னமே அவள் சுவரடியில் நின்றாள்.

முதல் முட்டில் கண்ணாடி வெடித்தது. அடுத்த முட்டில் சட்டம் கழன்று விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. புருவத்திலிருந்து ரத்தம் வழிய, வெறும் பலகையில் முட்டினாள். தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். விரல் முறியும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் திரும்பி என் தலைமயிரை அடியோடு பிடித்து இழுத்துத் தோளில் கடித்தாள். என் கணவர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அவளுடைய முழங்கை அவர் வாயில் இறங்கியது. மூவரும் கண்ணாடித் துண்டுகளின் மேல் விழுந்தோம். அவள் கத்தினாள், நானும் கத்தினேன். அந்தப் பெண் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

எவ்வளவு நேரம் அவளை அமுக்கிப் பிடித்திருந்தோமோ தெரியாது. திமிறல் கொஞ்சம் தளர்ந்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது.

“ஆன்ட்டி, ஆம்புலன்ஸ் கூப்பிடவா?”

“வேண்டாம். யூனிஃபோர்மைக் கண்டால் இன்னும் கூடும்.”

“இன்னிக்கு இதுக்கு மேல முடியாது ஆன்ட்டி. ‘மறுத்தார்’னு போட்டு க்ளோஸ் பண்ணிடறேன்.”

“மறுத்தார் எண்டு எழுதாதேங்கோ!” என் வாய்க்குள் என் தலைமயிரே கிடந்தது. “அவள் மறுக்கேல்லை. அவளாலை ஏலாது. நான் இந்த வேலைதான் செய்யிறனான் பிள்ளை. அந்தக் குறியீட்டைப் போட்டால் எங்களுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்.”

“இன்னிக்கு ஒரு நாள் நடந்ததத்தானே ஆன்ட்டி நான் பாத்தேன்? இது எப்பவும் இப்படித்தான்னு எழுதணும்னா எனக்கு ஏதாவது தெரியணும். நான் வந்தப்போ வீடு இவ்வளவு நீட்டா இருந்துச்சே.”

நான் என் கணவரைப் பார்த்தேன். உதடு கிழிந்து தொங்கியது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இவளைப் பிடியும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கராஜிலிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிமிர்த்தினார். நடுவில் தலையளவு பள்ளம். அதைச் சுற்றி மண்ணிறத்தில் பழைய ரத்தம், எச்சில், கண்ணீர்.

“இது இஞ்சைதான் நிக்கிறது தங்கச்சி, ஒவ்வொரு நாளும். நீங்கள் வாறீங்கள் எண்டுதான் ஒளிச்சு வைச்சனான்.”

மெத்தை சுவரில் சாய்ந்ததும் மகள் என் பிடியை உதறிக்கொண்டு எழும்பினாள். அதனிடம் போனாள். தொம், தொம் என்று அந்தச் சத்தம் தொடங்கியது. அந்தப் பெண் உள்ளே வந்து, படம் விழுந்த இடத்தில் இருந்த குழிகளையும் என் மகளின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தம் ஓயும்வரை நின்றாள்.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். ‘உடல்நிலையாலும் ஆபத்தாலும் செய்ய இயலவில்லை’ என்று எனக்கு வாசித்துக் காட்டினாள். மெத்தையையும் குழிகளையும் படமெடுக்கலாமா என்று கேட்டாள். என் கணவர் தலையாட்டினார். போகும்போது ஒரு ரோல்ஸை எடுத்தாள். கடிக்காமல் தாளில் சுற்றிக் கொண்டுபோனாள்.

இப்போது காலையில் இரண்டு பேர் வருகிறார்கள். யார் வந்தாலும் மெத்தை அங்கேயே நிற்கிறது. கலியாணப் படம் கட்டிலுக்கடியில் கண்ணாடி இல்லாமல் கிடக்கிறது. என் நடுவிரல் இன்னும் முழுதாக மடங்காது. கிளினிக்கில் யாராவது மேசையில் தண்ணீர் ஜக்கை வைக்கும் சத்தம் கேட்டால், அந்தக் கை தானாக எழும்பிப் பக்கத்துச் சுவரைத் தேடுகிறது.